கார் ஓட்டாத அப்பா அம்மாவும் ஸயான் பள்ளத்தாக்குப் பேருந்தும்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஸயான் தேசியப் பூங்காவில் சொந்தக் காரை விடாமல் இலவசப் பேருந்தில்தான் போகச் சொல்கிறார்களாமே? கூட்டம், வரிசை என்று பலரும் திட்டுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா, சிரமப்படுவார்களா?"

தாராளமாக அழைத்துப் போங்கள். அமெரிக்காவுக்கு வரும் வயதான பெற்றோருக்கு ஒரே ஒரு தேசியப் பூங்காவைத்தான் காட்ட முடியும் என்றால் நான் ஸயானைத்தான் சொல்வேன், அதற்கு முக்கியக் காரணமே அந்தப் பேருந்துதான். அதே சமயம் நீங்கள் கேள்விப்பட்ட திட்டு எதுவும் பொய் இல்லை. நான் இரண்டு முறை போயிருக்கிறேன், முதல் முறை திரும்பி வரும்போது நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

முதலில் அது எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபப்படுபவர்களில் பாதிப் பேர் இது தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள். ஸயான் (பைபிளில் வரும் சீயோன்தான், மார்மன் குடியேறிகள் வைத்த பெயர்) ஒரு பெரிய பூங்கா, ஆனால் எல்லோரும் பார்க்க வருவது வர்ஜின் ஆறு அறுத்துக்கொண்டு போன ஒரு குறுகலான பள்ளத்தாக்கை. இருபுறமும் 2,000 அடி உயரத்துக்குச் சிவப்புப் பாறை, நடுவில் ஆறு, ஆற்றை ஒட்டி ஒரே ஒரு சாலை, சுமார் 6 மைல். போன வழியிலேயே திரும்ப வேண்டிய முட்டுச் சாலை அது. மார்ச் முதல் நவம்பர் கடைசி வரை அந்தச் சாலையில் சொந்தக் கார் போகக் கூடாது, பேருந்து மட்டும்தான். உள்ளே இருக்கும் ஸயான் லாட்ஜில் அறை போட்டவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நுழைவாயிலுக்கு வெளியே இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊருக்குள் ஒரு தடம், பார்வையாளர் மையத்திலிருந்து பள்ளத்தாக்கின் கடைசி வரை இன்னொரு தடம், இரண்டும் இலவசம். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. கொரோனா சமயத்தில் முன்பதிவு வைத்திருந்தார்கள், அதைப் படித்துவிட்டு இன்னும் குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது எப்போதோ எடுத்தாயிற்று. பூங்காவுக்குள் நுழையத்தான் காசு, ஒரு காருக்கு 35 டாலர், 7 நாள் செல்லும். ஊரிலிருந்து வரும் உங்கள் பெற்றோருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஸயான் உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது, 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் இல்லை. கிளம்புவதற்கு முன் எந்த பாஸ் எடுத்தால் குறையும் என்று பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

சரி, முதல் பயணம். 2019 மே மாதம், மெமோரியல் டே நீண்ட வார இறுதி, நண்பர்கள் நான்கு பேர் லாஸ் வேகாஸிலிருந்து காரில் கிளம்பினோம். இரண்டரை மணி நேர வழிதான், ஆனால் இரவு வெகுநேரம் விழித்துவிட்டுக் காலையில் நிதானமாக எழுந்து போனதால் சேரும்போது பத்தரை. பார்வையாளர் மையத்தின் நிறுத்துமிடம் எப்போதோ நிரம்பிவிட்டது. திரும்ப ஊருக்குள் வந்து காசு கொடுத்து காரை விட்டு, ஊர் பஸ் பிடித்து, பாலம் தாண்டி நடந்து, பள்ளத்தாக்கு பஸ்ஸுக்கான வரிசையின் வாலில் போய் நின்றபோது உச்சி வெயில். ஒன்றரை மணி நேரம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு குடும்பம் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனது. ஏறிய பிறகும் உட்கார இடமில்லை, முதுகுப்பை முதுகுப்பையோடு இடிக்க, நின்றுகொண்டே போனேன், ஜன்னலில் தெரிந்ததெல்லாம் எதிரில் இருந்தவரின் தொப்பிதான்.

அன்றைக்கு வரிசையில் காதில் விழுந்தவையும், அதற்கப்புறம் போய் வந்த தெரிந்தவர்கள் சொன்னவையும் ஏறக்குறைய ஒன்றேதான். "விடுமுறைக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கவா?" "அழகான இடம் வருகிறது, நிறுத்திப் படம் எடுக்க முடியவில்லை, பஸ் பாட்டுக்குப் போய்விடுகிறது." "சாயங்காலம் திரும்பும்போது கடைசி நிறுத்தத்திலேயே பஸ் நிரம்பிவிடுகிறது, நடு நிறுத்தத்தில் நின்றவன் கதி அதோகதி." எல்லாம் நடப்பதுதான். கோடையில் 38 டிகிரிக்கு மேல் போகும் ஊரில் நிழல் குறைவான வரிசையில் நிற்பது விளையாட்டு இல்லை, இதைச் சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் "பேசாமல் காரையே உள்ளே விட்டுவிடலாமே" என்று முடிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. காரை விட்டுத்தான் பார்த்தார்கள். 2000-க்கு முன்னால் அந்தச் சாலையில் கார்தான் ஓடியது, அப்போது ஆண்டுக்கு 24 லட்சம் பேர் வந்துகொண்டிருந்தார்கள், அதற்கே நிறுத்த இடமில்லாமல் ஓரத்தில் செடிகொடிகள் மேல் ஏற்றி நிறுத்திவிட்டுப் போவார்களாம். அதனால்தான் 2000-இல் பஸ் வந்தது. 2021-இல் வந்தவர்கள் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. பள்ளத்தாக்கு அதே அகலம், சாலை அதே சாலை. இன்னும் சந்தேகம் இருந்தால் பஸ் ஓடாத குளிர்கால நாள் ஒன்றில் போய்ப் பாருங்கள், காரை உள்ளே விடுவார்கள்தான், ஆனால் இருக்கும் கொஞ்ச இடமும் நிரம்பியவுடன் சாலையையே மூடிவிடுவார்கள். அப்போது வரிசையில் நிற்கும் வாய்ப்புகூட இல்லை, காரைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இரண்டாவது பயணம் 2024 அக்டோபர் கடைசியில், அப்பா அம்மா வந்திருந்தபோது. அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு 66, அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பெற்றோரின் நிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரில் தனியாக பஸ் ஏறி பேங்குக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்தவர்கள், இங்கே ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூட நாங்கள் ஆபீஸ் முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த மூன்றாவது மாதமே அப்பா அதிகம் பேசாமல் ஆகிவிட்டார். அது எங்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்கும் மனைவிக்கும் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாறை உச்சிக்கு ஏறக் குலுக்கலில் அனுமதி கிடைத்திருந்தது (2022 ஏப்ரலிலிருந்து அந்த ஏற்றத்துக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம், பஸ்ஸுக்கு இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்). பெற்றோரை என்ன செய்வது என்று யோசித்தோம். விடுதியிலேயே விட்டுப் போவது என்றுதான் முதலில் பேச்சு. அப்பாதான் "நிறுத்தத்துக்கு நம்பர் போட்டிருக்கான், நாங்க பார்த்துக்கறோம், நீங்க மலை ஏறுங்க" என்றார்.

அதிகாலை இருட்டில் கிளம்பினோம். ஏழே கால் சுமாருக்கு வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர்கூட இல்லை, இரண்டாவது பஸ்ஸில் நால்வருக்கும் உட்கார இடம் கிடைத்தது. 2019-இல் நான் ஏறியது பின்னால் ஒரு பெட்டி இழுத்துக்கொண்டு போகும் பழைய புரொபேன் எரிவாயு வண்டி, உறுமும். இப்போது மொத்தம் 30 வண்டிகளும் மின்சார வண்டிகள், அந்த ஆண்டுதான் முழுவதும் மாற்றி முடித்திருந்தார்கள். சத்தமே இல்லை. தரை தாழ்வாக இருப்பதால் அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள், சக்கர நாற்காலியும் ஏற்றலாம். விடிய விடியப் பாறையின் உச்சி மட்டும் சிவந்துகொண்டு வருகிறது, கீழே ஆற்றோர மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன, பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஆறாவது நிறுத்தமான க்ரோட்டோவில் நாங்கள் இருவரும் இறங்கிக்கொண்டோம். அவர்கள் ஒன்பதாவது நிறுத்தம் வரை போய், அங்கிருந்து ஆற்றோரப் பாதையில் முடிந்தவரை நடந்துவிட்டு, ஒரு மணிக்கு ஐந்தாவது நிறுத்தமான லாட்ஜுக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. பள்ளத்தாக்கில் செல்போன் கிடைக்காது, அதனால் அப்பா ஒரு துண்டுச் சீட்டில் 9, 5 என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ் நகர்ந்தபோது அம்மா ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். நியாயமாக எனக்குத்தான் மலையைப் பார்த்து பயம் வந்திருக்க வேண்டும், நான் அந்த பஸ் வளைவில் மறையும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இறங்கி லாட்ஜுக்கு வந்தபோது ஒன்றரை ஆகிவிட்டது. புல்வெளியில் இருக்கும் பெரிய மரத்தடியில் காத்திருப்பார்கள் என்று பார்த்தால் இல்லை. உள்ளே இல்லை, உணவகத்தில் இல்லை, கழிவறைப் பக்கம் இல்லை. ஒரு பஸ் வந்தது, அதில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மனைவி மேல் பக்கம் போய்த் தேடுகிறேன் என்று கிளம்பும்போது, எதிர்ப்பக்கம், அதாவது கீழேயிருந்து வரும் பஸ்ஸிலிருந்து இருவரும் இறங்கினார்கள். ஒன்பதுக்குப் போய் ஒரு மைல் பாதையில் பாதிக்கு மேல் நடந்திருக்கிறார்கள் (தளம் போட்ட பாதை, பெரிய ஏற்றம் இல்லை, ஆரம்பத்தில் சக்கர நாற்காலிகூடப் போகும்). திரும்பி வரும்போது எட்டில் இறங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்து கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டுக்கே லாட்ஜுக்கு வந்து, நாங்கள் வர நேரம் இருக்கிறதே என்று மறுபடி ஏறி நான்காவது நிறுத்தத்தில் மூன்று சிகரங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அப்பா திருமலையில் ஓடும் இலவச பஸ்ஸோடு ஒப்பிட்டு, அதைவிட இது அடிக்கடி வருகிறது என்று நீண்ட நாளைக்கப்புறம் விடாமல் பேசிக்கொண்டே வந்தார். ஓட்டுநர் ஒரு அம்மாள், ஏறும்போதெல்லாம் குட் மார்னிங் சொன்னாராம். அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நாலு தடவை ஏறி இறங்கிட்டோம்டா, யாரையும் கேக்கவே இல்ல."

அதனால்தான் வரிசையைப் பற்றிப் பேசும்போது எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கார் ஓட்டுகிறவனுக்கு அந்த பஸ் அவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது மாதிரி இருக்கும். ஓட்டாதவர்களுக்கு இந்த நாட்டில் எதுவும் கிடைப்பதில்லை, இங்கே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் கிடைக்கிறது. பார்வையாளர் கருத்துகளை எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் வகை ஆட்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இனி உங்கள் பெற்றோருக்காகச் சில விஷயங்கள். எட்டு மணிக்கு முன்னால் வரிசைக்கு வந்துவிடுங்கள், அது முடியாவிட்டால் மதியம் மூன்றுக்கு மேல் போங்கள், பத்திலிருந்து இரண்டு வரைதான் நெரிசல். ஸ்பிரிங்டேலிலேயே ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் நிறுத்துமிடத் தலைவலியே இல்லை. நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள். போய்த் திரும்ப மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகும், நடக்கவே முடியாதவர்கள் இறங்காமல் சுற்றி வந்தாலும் பார்க்க நிறைய இருக்கிறது. சாயங்காலம் திரும்பும்போது லாட்ஜில் ஏறுங்கள், அங்கே பலர் இறங்குவதால் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஸயானிலிருந்து கிழக்கே சுரங்கப்பாதை வழியாகப் போகும் சாலைக்கு இந்த பஸ் வராது, அதற்கு உங்கள் காரிலேயே போகலாம், நின்று படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையை அங்கே ஓரமாக ஒதுக்கிய இடங்களில் தீர்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கிலேயே நினைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்றால் சைக்கிள் ஒன்றுதான் வழி, ஊரில் வாடகைக்குக் கிடைக்கிறது, களைத்துப்போனால் பஸ்ஸின் முன்னால் மாட்டிக்கொண்டும் வரலாம்.

கடைசி பஸ் நேரத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கோடையில் இரவு எட்டைத் தாண்டியும் ஓடும், இலையுதிர் காலத்தில் அதைவிடச் சீக்கிரமே நின்றுவிடும், பலகையில் எழுதியிருப்பார்கள், இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் ஒன்பதாவது நிறுத்தத்திலிருந்து ஏழெட்டு மைல் இருட்டில் நடக்க வேண்டும். எங்கள் அப்பா அந்த நேரத்தையும் அதே துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார், ஊருக்குத் திரும்பும்போது பாஸ்போர்ட் உறைக்குள் அந்தச் சீட்டைப் பார்த்தேன்.