அமெரிக்க ஓட்ட வீராங்கனை வில்மா ருடால்ஃப் 100 மீட்டரை 11.0 விநாடியில் ஓடியும் அது ஏன் உலக சாதனை ஆகவில்லை?

காற்றுதான் காரணம். முதுகுப் பக்கமிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் ஓடிய இறுதிப் போட்டியில் காற்று அந்த அளவைத் தாண்டிவிட்டது. தங்கம் தங்கம்தான், அதில் மாற்றமில்லை. சரி, அரையிறுதியில் 11.3 விநாடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்திருந்தாரே!

அப்புறம் 200 மீட்டரிலும் தங்கம். ஆனால் எனக்குப் பிடித்தது 4×100 தொடர் ஓட்டம். கடைசிக் கைமாற்றில் சக வீராங்கனை லூசிண்டா வில்லியம்ஸ் நீட்டிய பேட்டன் (கைமாற்றும் குச்சி) வில்மாவின் கையில் சரியாகச் சிக்காமல் நழுவப் பார்த்தது. ஒரு கணம் தடுமாற்றம். இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெர்மனி வீராங்கனையை விரட்டி முந்தினார். 44.5 விநாடி, மூன்றாவது தங்கம்.

சிறுவயதில் போலியோ தாக்கி, காலில் பிரேஸ் (தாங்கு பட்டை) மாட்டி நடந்தவர் இவர். 16 வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்ட வெண்கலம். 1962-இல், 22 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார்.