நஞ்சையில் இத்தாலி திராட்சையா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. இத்தாலியின் சாஞ்சோவேசே ஒயின் திராட்சை வருமா?

பதில்: களிமண் நஞ்சையில் வேண்டாம், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மகாராஷ்டிரத்து அக்லூஜில் இந்த ரகம் விளைகிறது. ஆனால் நம்மூர் ஐப்பசி, கார்த்திகை அடைமழை அங்கே இல்லை. ஆசை விடாவிட்டால், வடிகாலுள்ள படுகை மணலில் பத்துக் கொடி வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் தாங்கும் டாக்ரிட்ஜ் என்ற திராட்சை வேர்ச்செடியில் ஒட்டிய கன்றே நல்லது.

இங்கே குளிர் உறக்கம் கிடையாது, கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான், கொடியை எழுப்பும். காய்ப்புக் கவாத்தை மழை ஓய்ந்த பிறகு, தை பிறந்ததும் செய்யுங்கள். அப்படியும் பழுப்பது கோடையில். இரவும் புழுங்குவதால் புளிப்பு இறங்கிவிடும், நிறமும் வெளிறும்.

இலையின் மேலே எண்ணெய்ப் பொட்டு, அடியில் வெண்பூஞ்சை தெரிந்தால் அடிச்சாம்பல் நோய். அதற்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லியான 1 சதவீத போர்டோ கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றுங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கியெடுத்தால் செம்பு படிகிறதா? சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும்.