சிட்டியை விற்காதீர்கள், போர்ஷேயைப் பூட்டி வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 44. வீடு திருவான்மியூர், அலுவலகம் சிறுசேரி. ஒரு வழிக்கு 24 கிலோமீட்டர். பள்ளிக்கூட நாட்களில் பக்கத்து வீட்டுக் காலண்டரில் பார்த்ததிலிருந்து போர்ஷே 911 மேல் ஆசை. இப்போது பெங்களூரில் ஒருவரிடம் அதன் கரேரா வகை, 2017 மாடல் ஒன்று விலைக்கு வருகிறது. கர்நாடகப் பதிவு, 26,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கடன் வாங்காமலே வாங்க முடியும். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும், "ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆரில் ஓட்டிவிட்டு மூடிவைக்கிற கார் அது, தினமும் எடுத்தால் நாசமாகிவிடும்" என்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்கியதை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் ஓட்டலாமா? இப்போதுள்ள ஹோண்டா சிட்டியை விற்றுவிட்டு இது ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் மனைவி, 11 வயது மகள், 74 வயது அப்பா.
– வாசகர், திருவான்மியூர்

பதில்: வணக்கம் நண்பரே. தினமும் ஓட்டலாம், தாராளமாக ஓட்டலாம். ஆனால் சிட்டியை விற்காதீர்கள்.

உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் தரையோடு தரையாக, பாய் விரித்தது போல இருக்கும் கார்களை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 911 அந்த வகை அல்ல. 1963-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதலில் காட்டியபோதே பின்னால் இரண்டு சிறிய இருக்கைகளோடுதான் வந்தது. எஞ்சின் பின்னால் இருப்பதால் டிக்கி முன்னால். அதில் இரண்டு பயணப்பைகள் தாராளமாகப் போகும். நீங்கள் பார்த்திருக்கும் கரேராவின் அகலம் 1,808 மில்லிமீட்டர், நீளம் நாலரை மீட்டர். உங்கள் தெருவில் தினமும் வந்துபோகும் இன்னோவா கிரிஸ்டா இதைவிட அகலமும் அதிகம், நீளமும் அதிகம். 370 குதிரைத்திறன் என்றதும் கை நடுங்க வேண்டாம். அந்த எஞ்சினின் முழு இழுவிசையும் நிமிடத்துக்கு 1,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. நெரிசலில் விரட்டத் தேவையே இல்லை, சாதுவாக நகரும்.

வெளிநாடு போயிருந்த நண்பர் ஒருவருக்காக இதே தலைமுறை 911-ஐ ஐந்து வாரம் நான் தினமும் ஓட்டினேன். மேடவாக்கத்திலிருந்து வேளச்சேரி வழியாக கிண்டி வரை, காலையும் மாலையும். மூன்றாவது நாளே பயம் போய்விட்டது. கடைசிவரை பயம் போகாத ஒரே இடம் எங்கள் அடுக்ககத்தின் பேஸ்மென்ட் சரிவு.

இன்னொன்றும் உண்டு. மூடிவைத்த கார் கெடாது என்று நினைப்பது தப்பு. பேட்டரி இறங்கும். ஒரே இடத்தில் நின்ற டயரில் தட்டை விழும். ரப்பர் சீல்கள் காயும். நம் ஊரில் எலி வேறு வயரைக் கடித்து வைக்கும். எட்டு வருடத்துக்கு மேலான காரில் 26,000 கி.மீ. என்றால், அது ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். குறைவாக ஓடியது என்பதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வழியை அளந்து பாருங்கள். நான் சொல்லப்போவதில் முக்கியமானது இதுதான். வாரநாள் ஒன்றில் சிட்டியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் மகளை ஒரு நோட்டோடு உட்காரவைத்து, வீட்டு வாசலிலிருந்து அலுவலக பார்க்கிங் வரை எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம், எங்கே மெட்ரோ வேலைக்காக இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை முடியும்வரை இந்தக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள்.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு இருக்கிறது: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் நீளம். அந்த அளவில் போட்ட மேட்டில் 911 எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறி இறங்கும். தொல்லை, தெருக்காரர்கள் தாங்களே சிமென்ட் குழைத்துப் போட்டுக்கொண்ட குறுகிய மேடுகளில்தான். முன் சக்கரம் மேட்டைத் தொடும் முன்பே இடிப்பது பம்பரின் கீழ் உதடு. நடு வயிறு அநேகமாக இடிக்காது, ஏனென்றால் இரண்டு அச்சுக்கும் இடையே 2,450 மில்லிமீட்டர்தான். அதனால் மேட்டை நேராக ஏறாமல் சற்றுச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள். மேட்டுக்கு முன்பே பிரேக் பிடித்து, மேடு வரும்போது காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை அழுத்தியிருக்கும்வரை வண்டியின் மூக்கு குனிந்தே இருக்கும், விட்டால் நிமிரும். அந்த ஒரு விரல் உயரமே பல இடங்களில் போதும்.

இந்த மாடலில் பொத்தானை அழுத்தினால் முன்பக்கத்தைச் சுமார் 40 மில்லிமீட்டர் தூக்கும் வசதி விருப்பத் தேர்வாக வந்தது. பெங்களூர் காரில் அது இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கலாம். ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட், கூடுதல் அலங்காரம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் வீட்டு கேட்டையும் பாருங்கள். சென்னையில் ரோடு போடப் போட வீடு பள்ளமாகிக்கொண்டே போகிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டு, கேட்டுக்கு உட்புறமாக ஒரு மீட்டர் நீட்டிப் போடச் சொல்லுங்கள். கார் வருவதற்கு முன்பே சிமென்ட் காய்ந்திருக்கட்டும்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ரோட்டில் இந்தக் காரின் பலவீனம் அதுதான். இந்த கரேராவுக்குக் கம்பெனி கொடுத்தது 19 அங்குலச் சக்கரம். பலர் அழகுக்காக 20 அங்குலம் மாற்றியிருப்பார்கள். 19-ல் முன் டயரின் பக்கச் சுவர் 94 மில்லிமீட்டர் உயரம், 20-ல் 86 தான். எட்டு மில்லிமீட்டர் ரப்பரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பர்தான். நான் ஓட்டிய கார் 20 அங்குலம். நான்காவது வாரம், மழை தேங்கி நின்ற ஒரு பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் இடது முன் டயரில் முட்டை போல வீக்கம் வந்துவிட்டது. ஸ்டெப்னி கிடையாது. காரோடு வருவது ஒட்டுத்திரவப் பாட்டிலும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான். ஆணி குத்தினால் அது உதவும், பக்கச் சுவர் போனால் உதவாது. காரை அப்படியே மேலே ஏற்றும் தட்டைத் தள லாரியில்தான் கொண்டுபோனேன். ஆகவே 19 அங்குலச் சக்கரத்தோடு வாங்குங்கள். 20 இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வகை லாரி வைத்திருப்பவர் ஒருவரின் எண்ணை இப்போதே மொபைலில் சேமித்து வையுங்கள்.

டயர் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்பது அதன் பக்கச் சுவரிலேயே நான்கு இலக்கமாக இருக்கும். 1417 என்றால் 2017-ன் 14-வது வாரம். அதிகம் நிற்கிற காரில் மேல்பரப்பு தேயாமலே டயர் கிழடாகியிருக்கும். அப்படி இருந்தால் நான்கையும் மாற்றுகிற செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். போர்ஷே ஒப்புதல் கொடுத்த டயரில் என்0, என்1 என்று ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்தே வாங்குங்கள்.

வெயிலைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கண்டன்ஸர். காற்று புகும் வாயில்கள் தரைக்கு நெருக்கமாக இருப்பதால் சருகும் மண்ணும் பிளாஸ்டிக் கிழிசலும் உள்ளே போய்ச் சேரும். ஈரத்தில் அது மக்கி கண்டன்ஸரை அரிக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாயில் சொன்னால் போதாது.

நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள். இந்தக் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான பி.டி.கே.க்குள் இருப்பது இரட்டை கிளட்ச், ஊர்ந்துகொண்டே இருந்தால் அது தேயும். முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழட்டும், அப்புறம் ஒரேயடியாக நகருங்கள். காலையில் ஆயில் சூடு 80 டிகிரியைத் தாண்டும்வரை எஞ்சினை விரட்ட வேண்டாம். 24 கிலோமீட்டர் ஓட்டம் இதற்கு நல்லது. இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துகிறவருக்குத்தான் ஆயில் சூடாகாமலே வண்டி கெடும்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெரிசலில் எனக்கு லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கிடைத்தது. மாதம் 22 நாள், 48 கிலோமீட்டர் என்றால் 176 லிட்டர். 100 ஆக்டேன் பெட்ரோலை லிட்டர் 160 ரூபாய் என்று வைத்தால் 28,160 ரூபாய். 2017-ன் காரை வடிவமைத்தபோது பெட்ரோலில் 10 சதவீத எத்தனாலை மனதில் வைத்திருந்தார்கள். இப்போது சாதாரணமாக வருவது 20 சதவீதம். எத்தனால் எவ்வளவு என்று பங்க்கில் கேட்டுவிட்டே நிரப்புங்கள். கர்நாடக வண்டி என்பதால் அங்கே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, காரின் வயதுக்கேற்ற ஆயுள் வரியைத் தமிழ்நாட்டில் கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பேரம் பேசும்போதே இந்த வரியைக் கணக்கில் சேருங்கள்.

வாங்கும் முன் போர்ஷே சர்வீஸ் சென்டரில் முழுப் பரிசோதனை செய்யுங்கள். எஞ்சின் கணினியில், அளவுக்கு மீறிய சுற்றில் எத்தனை முறை ஓடியது என்ற பதிவு இருக்கும். அதை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் வேறு கார் பாருங்கள். 911 இன்னொன்று கிடைக்கும்.

இனி, சிட்டியை ஏன் விற்கக் கூடாது என்பது.

முதல் காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோடு எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்தவர் நீங்கள். தண்ணீர் பம்பர் உதட்டைத் தொடும் என்று தோன்றினாலே 911 வீட்டில் இருக்கட்டும். தப்பித்தவறி தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் அந்தச் சேதத்துக்குப் பணம் வராது. அந்தக் கூடுதல் பிரீமியத்தை யோசிக்காமல் கட்டுங்கள்.

இரண்டாவது காரணம் உங்கள் அப்பா. அந்த ஐந்து வாரத்தில் ஒருநாள் என் அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். அம்மாவுக்கு அப்போது 71. கதவு நீளம் என்பதால் பார்க்கிங்கில் பாதிதான் திறக்க முடிந்தது. ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்க முடியாமல், கடைசியில் விழுகிற மாதிரி உள்ளே உட்கார்ந்தார். இறங்க அதைவிட நேரமானது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லா இருக்குப்பா வண்டி" என்றார். அடுத்த வாரம் மறுபரிசோதனைக்கு, நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். உங்கள் அப்பாவும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வெளியே வருவதைக் குறைத்துக்கொள்வார். அவருக்காக வாசலில் சிட்டி நிற்க வேண்டும்.

மகளுக்குப் பின் இருக்கை இப்போது சரியாக இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் முழங்கால் இடிக்கும், அப்போது முன் இருக்கைக்கு வந்துவிடுவாள். நால்வரும் சேர்ந்து போக இது ஆகாது.

உங்கள் மனைவி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று எழுதவில்லை. கேளுங்கள். இன்ஷூரன்ஸில் எந்தத் தடையும் இல்லை, லைசென்ஸ் இருந்தால் அவரும் ஓட்டலாம். வாரத்தில் ஒரு நாள் 911-ஐ அவர் எடுக்கட்டும், நீங்கள் சிட்டியில் போங்கள். இது அவருக்கும் சொந்தமான கார் என்று அப்போதுதான் ஆகும்.

கீறல் விழும். டோல்கேட் பக்கத்தில் பைக் உரசும், சிக்னலில் யாராவது சாய்ந்து நின்று போட்டோ எடுப்பார்கள், முன் உதட்டின் அடிப்பக்கம் முதல் மாதமே தேயும். என் நண்பர் திரும்பி வந்ததும் குனிந்து அந்தத் தேய்மானத்தைப் பார்த்தார், தடவிப் பார்த்தார், சாவியை வாங்கிக்கொண்டு "ஓட்டியிருக்க" என்றார். அவ்வளவுதான். அப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இது உங்களுக்கான கார். முதல் கீறலில் தூக்கம் போகும் என்றால், அதையும் இப்போதே உங்களிடம் நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால் காரை லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லாதீர்கள். புது டயர் போட்டு, ஆயில் மாற்றி, விடியற்காலையில் பெங்களூரை விட்டுக் கிளம்புங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக வரும் அந்த 350 கிலோமீட்டரில் காரும் நீங்களும் பழகிவிடுவீர்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தடம் வரும். வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால் அதற்கான நாளில் அங்கே போய் ஓட்டுங்கள், ஈ.சி.ஆரில் வேண்டாம். வீட்டுக்கு வந்து கேட் சரிவில் இறக்கும்போது மட்டும், மகளை முன்னால் நின்று உதடு இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.