வாசகர் கேள்வி – பதில்: புராஜெக்ட்டுகளுக்கு நடுவே என்ன நடக்கிறது?

கேள்வி: புராஜெக்ட் மேலாண்மை முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். ‘அமைப்புச் சிந்தனை’ (பகுதிகளைத் தனித்தனியாக அல்லாமல், ஒன்றையொன்று பாதிக்கும் ஒரு முழுமையாகப் பார்ப்பது) என்று ஒரு முழுத் தாள் இருக்கிறது. ஒவ்வொரு புராஜெக்ட்டையும் ஒழுங்காக நடத்தினால் மொத்த போர்ட்ஃபோலியோவும் (நிறுவனம் சேர்த்து நடத்தும் புராஜெக்ட் தொகுப்பு) தானாகச் சரியாகிவிடாதா? தனிப் பாடம் எதற்கு?

பதில்: சரியாகாது. ஒரு போர்ட்ஃபோலியோவில் உள்ள புராஜெக்ட்டுகள் அதே ஆட்களையும் அதே சோதனைக்கூடத்தையும் அதே நிதியையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு மேலாளர் தன் வேலையை முன்னதாக முடிக்க எடுக்கும் நியாயமான முடிவே பக்கத்து புராஜெக்ட்டைத் தள்ளிப்போடும். இருவருமே தவறு செய்யவில்லை. ஆனாலும் மொத்தம் தாமதமாகிறது. இதைத் தனித்தனி அறிக்கைகளைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது.

கணக்காகப் பாருங்கள். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி ஒன்று உண்டு: கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, வேலைகள் முடியும் வேகத்தை ஒரு வேலை உள்ளே இருக்கும் சராசரிக் காலத்தால் பெருக்கினால் வருவது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 12 புராஜெக்ட் முடிக்கிறது, எப்போதும் 24 நடப்பில் இருக்கின்றன என்றால், ஒவ்வொன்றும் சராசரியாக 2 ஆண்டு எடுக்கும். ஆட்களைக் கூட்டாமல் இன்னும் 12-ஐத் துவக்கி, 36-ஐ நடப்பில் வைத்தால் சராசரி 3 ஆண்டு. துவக்கியது 12தான், தாமதம் 36-க்கும். உண்மையில் நிலைமை இதைவிட மோசமாகும். ஒருவர் நான்கு வேலைகளுக்கு இடையே தாவும்போது முடிக்கும் வேகமும் 12-இலிருந்து இறங்கும்.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியம். எல்லா புராஜெக்ட்டுகளும் ஒரே நிபுணரின் ஒப்புதலுக்காக வரிசையில் நிற்கின்றன என்று வையுங்கள். வேலைகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வருகின்றன. செய்யும் நேரமும் ஏறி இறங்குகிறது. அடிப்படை வரிசைக் கோட்பாட்டின்படி, அவர் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் காத்திருப்பு வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95-இல் 19 மடங்கு. ஒரு சரிபார்ப்புக்கு 2 நாள் என்றால் காத்திருப்பு 8, 18, 38 நாள் என்று போகும். ஆள்பயன்பாட்டு அறிக்கையில் 95 சதவீதம் என்பது பாராட்டுக்குரிய எண்ணாகத் தெரியும். அதே எண்தான் மொத்த தொகுப்பையும் நிறுத்தி வைத்திருக்கும். இந்த முரணைக் கண்ணால் காண வைப்பதே அந்தத் தாளின் பயன். தயவுசெய்து அதைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு விடாதீர்கள்.

கேள்வி: எது எதைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அம்புகளால் காட்டும் காரணச் சுழல் வரைபடம் வரையச் சொல்கிறார்கள். என் படம் அம்புக்குறிகளால் நிரம்பி எனக்கே புரியாமல் போகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: பெரும்பாலும் தவறு வரைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. முதலில் அம்பு போடாதீர்கள். ஒரு வரைகோடு போடுங்கள். கிடைமட்டத்தில் மாதங்கள், செங்குத்தில் உங்களைத் தொந்தரவு செய்யும் ஒரே அளவு: உதாரணமாக ஒவ்வொரு மாதமும் அறிவிக்கப்பட்ட முடிவுத் தேதி. அந்தக் கோடு ஏன் அப்படி வளைகிறது என்பதற்கான விளக்கம்தான் உங்கள் வரைபடம். அதற்குத் தேவைப்படாத எதுவும் படத்தில் வரக் கூடாது.

பிறகு 6 முதல் 10 மாறிகள் போதும். ஒவ்வொன்றும் கூடவோ குறையவோ முடிகிற பெயராக இருக்க வேண்டும். ‘நிர்வாகம்’ மாறி அல்ல. ‘புதிய புராஜெக்ட் துவங்கும் வேகம்’ மாறி. ஓர் அம்பு இணைக்கும் இரு மாறிகளும் ஒரே திசையில் மாறினால் அம்புக்குக் கூட்டல் குறி, எதிர்த்திசையில் மாறினால் கழித்தல் குறி. கூட்டல் என்றால் நல்லது என்று பொருளில்லை. இந்தக் குழப்பம் விடைத்தாள்களில் அதிகம் வருகிறது. ஒரு சுழலில் உள்ள கழித்தல் குறிகளை எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் அது மாற்றத்தை எதிர்த்துத் தணிக்கும் சமன்செய்யும் சுழல். இரட்டைப்படையோ சுழியமோ என்றால் மாற்றத்தை மேலும் வளர்க்கும் பெருக்கும் சுழல். விளைவு தாமதமாக வரும் அம்பின் மேல் இரு சிறு கோடுகள்.

ஓர் உதாரணம்: காலக்கெடு அழுத்தம் கூடினால் கூடுதல் நேர வேலை கூடும், முடியும் வேலை கூடும், மீதி வேலை குறையும், அழுத்தம் தணியும். ஒரே ஒரு கழித்தல்: சமன்செய்யும் சுழல். ஆனால் அதே கூடுதல் நேரம் சோர்வைக் கூட்டும், சோர்வு பிழையை, பிழை மறுவேலையை, மறுவேலை மீதி வேலையைக் கூட்டும். அழுத்தம் மீண்டும் ஏறும். கழித்தலே இல்லை: பெருக்கும் சுழல். முதல் சுழல் அந்த வாரமே பலன் காட்டுகிறது. இரண்டாவது மாதங்கள் கழித்து வருகிறது. அதனால்தான் கூடுதல் நேரம் வேலை செய்தது என்று எல்லோரும் மனமார நம்புகிறார்கள். தாமதமான மென்பொருள் புராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதியதும் இதே வடிவம்தான்: புதியவருக்குக் கற்றுத்தரும் நேரம் அனுபவசாலியின் நேரத்திலிருந்துதான் போகிறது.

ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில், அதை நிரூபிக்கும் பதிவு எது என்று எழுதுங்கள். பதிவு இல்லையென்றால் அம்பைப் புள்ளிக்கோடாக்குங்கள். அது ஊகம் என்று படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் படம் எண் தராது. எண் வேண்டுமென்றால், எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எந்த வேகத்தில் வருகிறது, போகிறது என்று கணக்கிடும் இருப்பு–பாய்வு மாதிரிக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கட்டிப் பார்க்க வேண்டியது மறுவேலைச் சுழற்சி. 100 பணிகள், செய்யப்படுவதில் 80 சதவீதம் மட்டுமே சரியாக அமைகிறது, மீதி திரும்பி வருகிறது. எல்லாம் சரியாக முடிய 125 முறை பணி செய்ய வேண்டும். தரம் 60 சதவீதமானால் சுமார் 167 முறை. அதைவிட ஆபத்தானது வெளிப்படாத பிழை: 80 பணி முடிந்ததாக அறிக்கை சொல்லும், உண்மையில் முடிந்தவை 64. ஒளிந்திருக்கும் 16 பணிகள் கடைசிக் கட்டச் சோதனையில் ஒன்றாக வெளிவரும். கடைசி 10 சதவீதம் ஏன் முடிவதே இல்லை என்ற பழைய புகாருக்குப் பெரும்பகுதி விடை இதில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 20 புராஜெக்ட்டுகள். மாதாமாதம் 20 எக்ஸெல் கோப்புகளை ஒட்டி ஒரே அட்டவணையாக்குகிறேன். யாரும் அதை நம்புவதில்லை. தகவலை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: யாரிடமும் புதிதாக எதையும் கேட்பதற்கு முன், மேலாண்மைக் குழு எடுக்கும் முடிவுகளைப் பட்டியலிடுங்கள்: துவக்குவது, நிறுத்துவது, முன்னுரிமை மாற்றுவது, ஆளை நகர்த்துவது, நிதி விடுவிப்பது. எந்த முடிவுக்கும் உதவாத அட்டவணைப் பத்தியை (column) நீக்கிவிடுங்கள். நிரப்புபவரின் நேரமும் மிச்சமாகும், மீதியை அக்கறையோடு நிரப்புவார்.

அடுத்தது வரையறை. ‘60 சதவீதம் முடிந்தது’ என்றால் ஒருவருக்குச் செலவான பணம், இன்னொருவருக்குக் கழிந்த நாட்கள், மூன்றாமவருக்கு மனக்கணிப்பு. இவற்றின் சராசரிக்குப் பொருளே கிடையாது. பணிகளை இரண்டு வாரத்துக்கு மிகாத துண்டுகளாக்கி, ஒப்புக்கொள்ளப்பட்டால் 100, இல்லையேல் 0 என்று வைத்தால் பெரும்பாலான சண்டை ஓய்ந்துவிடும்.

பழைய மதிப்பின் மேல் புதியதை எழுதாதீர்கள். முடிவுத் தேதி மார்ச்சிலிருந்து ஜூனுக்குப் போனால் இரண்டும் பதிவில் இருக்க வேண்டும். மேலெழுதப்பட்ட அட்டவணையில் எந்த புராஜெக்ட்டும் தாமதமானதாகத் தெரியாது, நழுவல் மறைந்துவிடுகிறது. புராஜெக்ட் எண்ணுக்குள் துறையின் பெயரையோ ஆண்டையோ பொதிக்க வேண்டாம். துறை கலைக்கப்பட்டதும் எண்ணும் மாறும், வரலாறு அறுந்துபோகும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரே ஒரு மூலக்கோப்பு. செலவு கணக்குப் பிரிவிலிருந்துதான் வர வேண்டும், மேலாளரின் கோப்பிலிருந்து அல்ல.

இனி, பெரும்பாலான பதிவேடுகளில் இல்லாத பகுதிக்கு வருவோம்: சார்புகள். 20 புராஜெக்ட்டுகளில் ‘இது அதற்குத் தர வேண்டியது’ என்று 380 இணைகள் சாத்தியம். அத்தனையும் நிரப்பச் சொல்லாதீர்கள். உண்மையில் இருப்பவை சிலவே. ஒவ்வொன்றுக்கும் தருபவர், பெறுபவர், தரப்படும் பொருள், வேண்டிய தேதி, தருவதாகச் சொன்ன தேதி, இருவரின் ஒப்புதல் என்று ஆறு பத்தி போதும். வேண்டிய தேதிக்கும் சொன்ன தேதிக்கும் உள்ள இடைவெளிதான் மொத்த அட்டவணையிலும் அதிக மதிப்புள்ள எண். ஒரே பலனை இரண்டு புராஜெக்ட்டுகள் தங்கள் கணக்கில் காட்டுவதும் இந்த வேலையின்போதுதான் வெளிப்படும்.

தகவலின் வயதையும் கணக்கிடுங்கள். 25-ஆம் தேதி கணக்கை மூடி, தொகுத்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதி கூட்டம் என்றால் முடிவு 20 நாள் பழைய தகவலில் எடுக்கப்படுகிறது. 26-ஆம் தேதி நடந்தது மேசைக்கு வர சுமார் 50 நாள். அறிக்கையை வாரந்தோறும் கேட்பது இதற்குத் தீர்வல்ல. தொகுக்கும் வேலைதான் நாலு மடங்காகும். சார்புத் தேதி மாறினால் அன்றே சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி அதைவிடப் பயன் தரும்.

கேள்வி: டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. கடைசி மாதம் திடீரென்று சிவப்பு. மேலாளர்கள் பொய் சொல்கிறார்களா?

பதில்: சிவப்பு காட்டினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கூடுதல் கூட்டம், கூடுதல் அறிக்கை, கூடுதல் விசாரணை. வேலைக்கு இருந்த நேரமும் குறைகிறது. அடுத்த முறை மேலாளர் சற்றுப் பொறுத்துத்தான் சொல்வார். தாமதமாகத் தெரிவதால் குழு இன்னும் கடுமையாகிறது. பெருக்கும் சுழல், ஆளை மாற்றினாலும் அப்படியே இருக்கும்.

நிறத்தை விதியால் கணக்கிடுங்கள்: தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட அடிப்படைத் திட்டத்தைவிடக் கணிப்பு 10 சதவீதம் தாண்டினால் மஞ்சள், 20 தாண்டினால் சிவப்பு என்பதுபோல. மேலாளரின் கருத்தைத் தனிப் பத்தியில் வாங்குங்கள். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கும். அடிப்படைத் திட்டத்தையே திருத்திப் பச்சைக்குத் திரும்பும் வழி உண்டு என்பதால் எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதையும் அருகிலேயே காட்டுங்கள். சிவப்பு வந்தால் குழு கேட்கும் முதல் கேள்வி ‘எங்களிடம் என்ன முடிவு வேண்டும்?’ என்பதாக இருக்கட்டும்.

கேள்வி: எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: மேலே சொன்ன வரையறைகள் எழுதி முடியும்வரை எதுவும் வேண்டாம். படிப்பதற்கு, இருப்பு–பாய்வு மாதிரி கட்டும் வென்சிம் மென்பொருளின் கல்விப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது; மறுவேலை மாதிரியை அதில் கட்டலாம்.

கேள்வி: எந்த வரிசையில் படிக்கலாம்?

பதில்: எம்ஐடியில் ஜே ஃபாரெஸ்டர் 1950-களில் துவக்கிய அமைப்பு இயக்கவியலிலிருந்து (சுழல்களையும் இருப்பு–பாய்வுகளையும் மாதிரியாக்கும் துறை) ஆரம்பியுங்கள், எண்ணும் கோடும் இருப்பதால் உங்கள் தவறு உங்களுக்கே தெரியும். அடுத்து, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லாண்ட் உருவாக்கிய மென் அமைப்பு முறை. பங்கேற்பாளர்கள் பிரச்சினை எது என்பதிலேயே உடன்படாதபோது அதுதான் உதவும். ஸ்டாஃபோர்ட் பீரின் நிலைத்திருக்கும் அமைப்பு மாதிரியை (Viable System Model) கடைசியில் எடுங்கள். ஆளுகை அமைப்பை வடிவமைக்கும் கட்டம் வரும்முன் அது பிடிபடாது. போர்ட்ஃபோலியோ மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 21504 தரநிலையை இவற்றுக்கு இடையே ஒருமுறை வாசித்துவிடுங்கள். சிறிய ஆவணம்தான். படிக்கும்போதே அதன் ஒவ்வொரு பரிந்துரையும் எந்தத் தகவலை, யாரிடமிருந்து, எவ்வளவு தாமதத்தில் எதிர்பார்க்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.