எடை தூக்காமலே தோள் கல்லாவது ஏன்?

கேள்வி: கால் சென்டரில் வேலை. ஹெட்செட்டில் பேசிக்கொண்டே டைப் அடித்து, கணக்கையும் சரிபார்க்க வேண்டும். மாலை நாலு மணிக்குள் வலது தோள் கல்லாகிவிடுகிறது, மவுஸ் பிடிக்கும் கை தடுமாறுகிறது. லேபில் முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கட்டுமா? (34 வயது வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். அந்தப் பேக்கேஜில் அறுபது எழுபது அளவுகள் இருக்கும், உங்கள் தோளைத் தொட்டுப் பார்க்கும் கை ஒன்றுகூட இருக்காது. ஏதோ ஒரு எண் சற்றுத் தள்ளியிருக்கும், அதற்கொரு மாத்திரை வரும். ஆன்லைனில் விற்கும் கூன் நிமிர்த்தும் பெல்ட்டும் அதே ரகம்தான்.

கழுத்திலிருந்து தோள்முனை வரை படர்ந்திருப்பது ட்ரபீசியஸ் தசை. மனம் இரண்டு வேலையில் மாட்டிக்கொண்டால் இது நமக்குத் தெரியாமலே லேசாக இறுகும். லேசான இறுக்கத்துக்கு எப்போதும் அதே சின்னத் தசையிழைகள்தான் முதலில் வரும், அவைதான் கடைசியில் ஓயும். 1991இல் ஹேக் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் இவற்றை, கதையில் வீட்டு வேலை முழுதும் தலையில் விழும் பெண்ணான சிண்டரெல்லாவோடு ஒப்பிட்டார். முதலில் எழுந்து கடைசியில் படுப்பவள். நம் வீடுகளிலும் அவள் யாரென்று தெரியும். டைப் அடிப்பதை நிறுத்தினாலும் காதில் வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருக்கும்வரை இழைகளுக்கு விடுதலை இல்லை.

வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, முழங்கையை நேர்கோணமாக மடக்கிப் பிடித்து, கை தளரும் நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் அதே கையில் பிடித்தபடி 700இலிருந்து 13 13ஆகக் கழித்துச் சத்தமாகச் சொல்லுங்கள். தண்ணீர் முன்னதாகவே தளும்பத் தொடங்கலாம். முழு பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு எடையை வைத்து இப்படி ஆய்வு செய்தபோது, பெண்கள் தாங்கிய நேரம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. ஆண்களுக்கு அவ்வளவு இல்லை. பலம் குறைந்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

ஆகவே மருந்து பலம்தான். வாரம் மூன்று நாள், 20 நிமிடம். இரண்டு கையிலும் டம்பெல் பிடித்துத் தோளைக் காது நோக்கித் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். பிறகு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குங்கள். பன்னிரண்டு முறைக்கு மேல் முடியாத எடை வேண்டும். அரைக்கிலோ பொம்மை டம்பெல் பயன்படாது. பத்து வாரம் விடாமல் செய்யுங்கள்.

அழைப்பு முடிந்ததும் இரண்டு கையையும் மடியில் போட்டு, மூச்சை விட்டுத் தோளைத் தொங்கவிடுங்கள். பத்து விநாடி போதும். அதையும் "காத்திருப்பு நேரம்" என்று கணக்கெழுதும் நிர்வாகங்கள்தான் விலையுயர்ந்த நாற்காலி வாங்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொள்கின்றன!

ஒன்றை மட்டும் தசைச் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள்: மரத்துப்போவது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் சிக்கல் பெரும்பாலும் முழங்கையில். லீவு நாளிலும் சட்டைப் பொத்தான் மாட்ட முடியவில்லை, டம்ளர் நழுவுகிறது என்றால் டம்பெல்லைத் தொடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போய், நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பில் மின்சைகை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) தேவையா என்று கேளுங்கள். எந்த விரல்கள், எந்த நேரத்தில் என்று ஒரு வாரம் குறித்து எடுத்துப் போங்கள்.