நந்தனம் மைதானம் – கடிதம்

வணக்கம் சார். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் புத்தகக் கண்காட்சிக்காக வந்திருந்தேன். ஒய்.எம்.சி.ஏ. என்றால் என்ன என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். “வாடகைக்கு விடுற கிரவுண்டு” என்றார். நண்பரோ அது கிறிஸ்தவச் சங்கம் என்கிறார். அவர்களுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?
ஆர்., செய்யாறு

அன்புள்ள ஆர்.,

இரண்டு பேர் சொன்னதும் தப்பில்லை. ஒய்.எம்.சி.ஏ. என்றால் யங் மென்ஸ் கிறிஸ்டியன் அசோசியேஷன், கிறிஸ்தவ இளைஞர் சங்கம். 1844இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடைச் சிப்பந்தி, தன்னைப் போன்ற சிலரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய சங்கம் அது. நாள் முழுக்கக் கடையில் நிற்பது, ராத்திரி மாடியில் படுப்பது, மிச்ச நேரத்துக்குச் சாராயக்கடை. தி.நகர் கடைப் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஜெபமும் பைபிள் வாசிப்பும்தான்.

விளையாட்டு முழுசாக உள்ளே வந்தது அமெரிக்காவில். உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்ததுதான் மனிதன் என்றார் அங்கே சங்கத்தின் உடற்பயிற்சிப் பொறுப்பில் இருந்த லூதர் குலிக். சங்கத்தின் முக்கோணச் சின்னம் அவர் தந்தது. 1891 குளிர்காலத்தில், ஜிம்முக்குள் அடைபட்டு முரண்டு பிடித்த ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்ச் சங்கப் பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு ஆட்டம் கண்டுபிடிக்கும்படி அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித்திடம் சொன்னவரும் அவரே. நைஸ்மித் பணியாளரிடம் இரண்டு பெட்டி கேட்டார்; கிடைத்தது பீச் பழக்கூடை. மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் கூடைப்பந்து வளையம் பத்தடிதான். கூடையின் அடிப்பக்கத்தை யாரும் அறுக்கவில்லை, விழுந்த பந்தை ஏறித்தான் எடுக்க வேண்டும். நல்லவேளை, முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்து.

அப்புறம் 1895இல், கூடைப்பந்தில் முட்டிமோத முடியாத நடுத்தர வயது வியாபாரிகளுக்காக, அமெரிக்காவின் ஹோலியோக் ஊர்க் கிளையில் வில்லியம் மார்கன் வாலிபாலை உண்டாக்கினார். எங்கள் ஊர்க் களத்துமேட்டில் கிழிந்த வலையைச் சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டி, லுங்கியை மடித்துக்கொண்டு எகிறி அடித்த அண்ணன்கள் யாருக்கும் அது தொப்பைக்காரர்களின் ஆட்டம் என்று தெரியாது.

சென்னைக்குச் சங்கம் 1890இல் வந்தது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் இங்கே உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவர்தான். நீங்கள் புத்தகப் பையோடு புழுதியில் நடந்த இடம் அந்தக் கல்லூரியின் மைதானம். உங்கள் பள்ளியில் விசில் தொங்க நின்ற பி.டி. மாஸ்டர் அங்கே படித்தவராக இருக்கலாம், அல்லது அங்கே படித்தவரிடம் ஆடியவராக இருக்கலாம். நம் ஊரில் விளையாட்டையும் ஒரு பாடமாக உட்கார்ந்து படிக்கலாம் என்று ஆக்கியதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்பேன். அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வது நம் சொந்தக் கண்டுபிடிப்பு.

எங்கள் பி.டி. மாஸ்டர் நந்தனத்தில் படித்தவர். நெற்றி நிறைய விபூதியோடுதான் மைதானத்துக்கு வருவார். “அங்க உங்கள மதம் மாறச் சொன்னாங்களா சார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அஞ்சு மணிக்கு எழுந்து ஓடச் சொன்னாங்க. அதுதாண்டா கஷ்டமா இருந்துச்சு” என்றார்.