நைட்ரேட் சீரோன்னா மித்தி தண்ணி சுத்தமா?

கேள்வி: சார், நாங்க தாராவி 90 அடி ரோடு. காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு மித்தி ஆறு மாஹிம் கிரீக்ல (கடல் தண்ணி உள்ள வர்ற கழிமுகம்) கலக்குற பக்கம் டெய்லி காலைல 8 மணிக்கு தண்ணி எடுத்து நைட்ரேட் அளக்குற டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு பாக்குறோம். நாத்தம் குடலைப் புரட்டுது, ஆனா நைட்ரேட் கிட்டத்தட்ட சீரோ. ஸ்ட்ரிப் டூப்ளிகேட்டா?

பதில்: ஸ்ட்ரிப் மேல பழி போடாதீங்க தம்பி, அனேகமா அது உண்மையதான் சொல்லுது. சாக்கடைல வர்ற நைட்ரஜன் பெரும்பாலும் அமோனியாவாதான் இருக்கும், அது நைட்ரேட்டா மாறணும்னா தண்ணில ஆக்ஸிஜன் வேணும், அந்த நாலா (சாக்கடைக் கால்வாய்) தண்ணில ஆக்ஸிஜனுக்கு எங்க போறது? கொஞ்சநஞ்சம் நைட்ரேட் இருந்தாலும் சேத்துல உள்ள பாக்டீரியா அத வச்சே மூச்சு விட்டு நைட்ரஜன் கேஸா பறக்க விட்டுடும். அமோனியா கிட் வாங்கிப் போட்டுப் பாருங்க, மீன் தொட்டி கடைல கிடைக்கும், உப்புத் தண்ணிக்கு ஆகுமான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

சாக்கடைல வர்ற பாஸ்பரஸ் இன்னும் பேஜாரு, தண்ணில அது பாஸ்பேட்டா இருக்கும். அது மண் துகள்ல இருக்கிற இரும்புத் துருவோட ஒட்டிக்கிட்டு அடில படிஞ்சிடும், ஆக்ஸிஜன் தீர்ந்ததும் துரு கரைஞ்சு பாஸ்பேட் திரும்ப மேல வந்துடும். ஏரிலயும் இது நடக்கும். ஆனா கிரீக்குக்குள்ள வர்ற கடல் தண்ணில சல்பேட் நெறைய, பாக்டீரியா அத சல்பைடா மாத்துது (அழுகின முட்டை நாத்தம் இதான்), அந்த சல்பைடு இரும்பைப் புடிச்சுக்கிட்டு கருஞ்சேறா உக்காந்துடுது, அப்புறம் பாஸ்பேட்டைப் புடிச்சு வைக்க இரும்பு எங்க மிச்சம்? நாளைக்கே எல்லா நாலாவையும் அடைச்சாலும் சேறு வருஷக்கணக்குல பாஸ்பேட்டைக் கக்கிட்டே இருக்கும்.

உங்க தப்பு அந்த 8 மணிதான். ஹை டைட் (கடல் ஏத்தம்) தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமி ஒட்டி மும்பைல தண்ணி 4 மீட்டருக்கு மேல ஏறி இறங்கும், அப்போ இன்னைக்கு 8 மணிக்கு நீங்க மொண்டது கடல், அடுத்த வாரம் அதே 8 மணிக்கு மொள்றது சாக்கடை. டைட் டேபிள் பாத்து லோ டைடுக்கு ஒரு மணி நேரம் முன்னாடின்னு ஃபிக்ஸ் பண்ணுங்க, கூடவே உப்பையும் அளங்க, கடல் தண்ணி எவ்ளோ கலந்திருக்குன்னு அதுதான் சொல்லும். தண்ணி கலந்ததுக்குத் தக்க அமோனியா குறைஞ்சா அது வெறும் கலப்பு, அந்தக் கணக்கை விட ஜாஸ்தியா நின்னா வழில எங்கயோ சேறு இல்லன்னா இன்னொரு நாலா ஊத்துதுன்னு அர்த்தம்.

பாட்டிலை ஐஸ்ல வச்சு அன்னைக்கே டெஸ்ட் பண்ணுங்க. கையுறை போடாம தொடாதீங்க, அலையாத்தி மரத்தடிச் சேத்துல இறங்கவே வேணாம், இடுப்பு வரைக்கும் உள்ள இழுத்துடும்.